ஒரே வீட்டில் இரண்டு மாத்திரை

என் வேலை கேள்வி கேட்பது. மருத்துவமனையின் பின்புறம், பழைய கட்டில்களும் உடைந்த சக்கர நாற்காலிகளும் அடுக்கிய கிடங்கை ஒட்டி எங்கள் மையம். அங்கே எனக்கு ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓர் எடை பார்க்கும் இயந்திரம். எச்.ஐ.வி.க்குப் புதிதாக மாத்திரை தொடங்கியவர்கள் மாதம் இரண்டு தடவை என் எதிரில் வந்து உட்கார வேண்டும். படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். தலைசுற்றல் உண்டா, குமட்டல் உண்டா, தோலில் தடிப்பு உண்டா, கெட்ட கனவு உண்டா. உண்டு என்றால் ஒரு கட்டத்தில் குறி, இல்லை என்றால் பக்கத்துக் கட்டத்தில்.

அவள் முதல் தடவை வந்த அன்று எட்டாவது கேள்வியில் என்னை நிறுத்தினாள்.

"ஆத்திரம்னு ஒரு கட்டம் இருக்கா அதுல?"

"எரிச்சல்னு ஒண்ணு இருக்கும்மா. பதினஞ்சாவது."

"அது பத்தாது. பெருசா ஒண்ணு போடுங்க."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. நான் பதினைந்தாவது கட்டத்தில் குறி போட்டுவிட்டு ஒன்பதாவது கேள்விக்குப் போனேன். அவள் என் பேனாவைப் பிடுங்கி அந்தக் குறியைக் காகிதம் கிழியும் வரைக்கும் அழுத்தி எழுதிவிட்டுத் திருப்பித் தந்தாள்.

இதையெல்லாம் எழுதட்டுமா என்று வெகுநாள் கழித்து அவளிடம் கேட்டேன். "எழுதிக்க. பேரு போடாத. அப்புறம், என்னை நல்லவளா ஆக்கிடாத. அந்த வேலையே வேணாம்" என்றாள். அதற்குள் என்னை 'நீ' என்று கூப்பிடும் அளவுக்கு எங்களுக்குள் சண்டை முற்றியிருந்தது. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துத் தரும் பெரிய சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. ஆள் உயரத்துக்கு நீளமான, கொதிக்கும் இஸ்திரி ரோலர் ஒன்று அங்கே சுற்றிக்கொண்டே இருக்கும். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இரண்டு பெண்கள் இழுத்துப் பிடித்து அதற்குள் ஊட்ட வேண்டும். ஒருத்தி ஒரு விரல் பிந்தினாலும் மடிப்பு விழும். அவள் பிந்தவே மாட்டாள். ஆள் ஒல்லி, உரசினால் பற்றிக்கொள்வாள் என்பதால் கூடத்தில் அவளுக்குத் தீக்குச்சி என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கும் சண்டைக்கு வருவாள்.

புருஷன் வெல்டர். உயரமான கட்டடங்களின் இரும்புச் சட்டங்களில் ஏறி நின்று பற்றவைக்கிறவன். இரண்டு வருடம் வெளியூரில் ஒரு பாலத்து வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினான். திரும்பிய வருடத்தில் அவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, உடம்பு பாதியானது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவளைக் கூப்பிட்டு அவளுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். பதினாறு வயது மகளுக்கும் பார்த்தார்கள்; அவளுக்கு இல்லை. மூன்று தாளையும் கவுன்சிலர் அம்மா மேசையில் வைத்து விளக்கியபோது, மகளின் தாளை மட்டும் எடுத்து மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கால் புருஷனை ஒரே போடு. நெற்றியில் நாலு தையல். எங்கள் நர்ஸ்தான் தைத்துவிட்டார்.

பதினெட்டு வருடம் 'ஏங்க' என்று கூப்பிட்டவள் அன்றிலிருந்து அவனை 'டேய்' என்றுதான் கூப்பிட்டாள். அவனை வெளியே துரத்தியிருப்பாள். வீடு அவளுடைய அம்மா விட்டுப்போனது. ஆனால் மகளுக்கு அது இறுதித் தேர்வு வருடம். "பரீட்சை முடியிற வரைக்கும் இரு. அப்புறம் எங்கயாவது ஒழி" என்று தவணை கொடுத்தாள். சலவைக்கூடத்தில் கழித்துக்கட்டிய விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து வீட்டு நடுக்கூடத்தின் குறுக்கே கட்டினாள். அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவளும் மகளும். அடுப்பு மட்டும் பொது. அதிலும் நேரம் பிரித்துவிட்டாள்.

அவனுடைய அக்கா ஒருத்தி உண்டு. இரண்டு தெரு தள்ளி வீடு. விஷயம் தெரிந்ததும் வந்து திரைச்சீலையைப் பார்த்தாள். தம்பி நெற்றியைப் பார்த்தாள். "எங்க வீட்டுப் பையன் சொக்கத் தங்கம். நீ எங்க போய் வாங்கிட்டு வந்தியோ, யாரு கண்டா" என்றாள். வெல்டர் திரைக்குப் பின்னால் படுத்திருந்தான். கேட்டுக்கொண்டேதான் படுத்திருந்தான். வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் மையத்தில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தது. புதிதாகச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு இரண்டு மாத்திரைக் கூட்டில் ஏதாவது ஒன்று. இரண்டுமே வேலை செய்யும் என்பது தெரிந்த விஷயம். எது உடம்பைக் குறைவாகப் படுத்துகிறது என்பதுதான் கேள்வி. ஒன்று படுக்கப் போகும்போது போடுவது. இன்னொன்று காலையும் மாலையும் போடுவது. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. நூற்றிருபது பேர் சேர்ந்தார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் தனித்தனியாக வந்து, தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டார்கள். அவனுக்குப் படுக்கை மாத்திரை விழுந்தது. அவளுக்கு இரண்டு வேளை மாத்திரை.

மூன்றாவது வாரம் அவளுக்கு மேலெல்லாம் தடித்துவிட்டது. முழங்கையிலிருந்து கழுத்து வரை சிவப்புச் சிவப்பாகப் பொரிந்து, ரோலரின் அனல் பட்டதும் தீயை அள்ளிப் பூசிய மாதிரி எரியும். கூடத்தில் மற்ற பெண்கள் பார்த்தார்கள். சூப்பர்வைசர் இரண்டடி தள்ளி நின்று, "என்னம்மா அது, ஒட்டுற சமாசாரமா?" என்றான்.

"நீ வாங்கிப் போடுற சோப்புத் தூள் பண்ற வேலை. எழுதிக் குடுக்கட்டுமா மேல?" என்றாள். அவன் போய்விட்டான்.

மறுநாள் எங்களிடம் வந்தாள். டாக்டரம்மா ரத்தம் எடுத்து ஈரலைச் சோதித்தார். வாய்க்குள் புண் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அரிப்புக்கு மருந்து எழுதி, மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் அந்த நிமிடமே வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அந்த நாய்க்கு ஒண்ணுமே ஆகலையாமே?"

"மத்தவங்களைப் பத்தி நான் சொல்லக் கூடாதும்மா."

"நீ சொல்ல வேணாம். அவனே சொல்றான். நான் சொறிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், திரைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, 'என் படிவம் பூரா இல்லை இல்லைதான்'னு பாட்டுப் படிக்கிறான். தப்புப் பண்ணவனுக்கு நல்ல மாத்திரை, எனக்குச் சொறி மாத்திரையா? இங்கயும் ஆம்பளைக்கு ஒரு நியாயம்?"

"யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுச்சு."

"கம்ப்யூட்டருக்கும் மீசை இருக்கும் போல."

எனக்குக் கோபம் வந்தது. அன்று காலையிலிருந்து இருபத்தேழு பேர். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விதத்தில் என்னைத் திட்டிவிட்டுத்தான் போயிருந்தார்கள். "பிடிக்கலைன்னா ஆராய்ச்சியிலேர்ந்து விலகிக்கலாம். கையெழுத்து வாங்கும்போதே சொன்னோம்" என்றேன். "விலகினா உனக்கு ஒரு ஆள் குறையும். அந்தச் சந்தோஷத்தை உனக்குக் குடுப்பேனா?" என்று எழுந்து போனாள். எடை பார்க்கவில்லை. அவளைத் திரும்பக் கூப்பிட எனக்கும் மனமில்லை. போன தடவை எடையையே எழுதி வைத்தேன்.

வெல்டரைப் பற்றியும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் எனக்குப் பிடித்தமான நோயாளி. நேரத்துக்கு வருவான், வணக்கம் சொல்வான், மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். "தலைசுற்றல் குமட்டல் கனவு தூக்கமின்மை ஒண்ணும் இல்லையே?" என்று நான் ஒரே மூச்சில் கேட்பேன். "இல்லீங்க" என்பான். குறி, குறி, குறி. பக்கவிளைவே இல்லாத மனிதன் என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

தடிப்பு பத்துப் பன்னிரண்டு நாளில் அடங்கியது. அதற்குள் அவள் வேறொன்றைக் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். காலையில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமான் உருளும் சத்தம். எட்டிப் பார்த்தால் வெல்டர் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறான். கொதிக்கிற தேநீர்ப் பாத்திரத்தைக் கீழே போடுகிறான். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது பூட்ஸுக்குள் காலை விட முயன்று மூன்று தடவை தரையில் விட்டான், அப்படியே உட்கார்ந்துவிட்டான். தூக்கத்தில் யாரிடமோ கெஞ்சுகிறான். எழுந்தால் முகம் பேயறைந்த மாதிரி இருக்கிறது.

"எப்படி இருந்துச்சு உங்களுக்கு?" என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு."

சலவைக்கூடத்தில் மூட்டைகளில் கட்டும் சின்னச் சின்ன அட்டைச் சீட்டுகள் உண்டு. அதில் ஒரு கட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவன் படும் பாட்டை எழுத ஆரம்பித்தாள். தேதி, மணி, என்ன நடந்தது. 'ஆறரை மணி, கதவில் இடித்துக்கொண்டான்.' 'ஆறே முக்கால், சட்டையைத் திருப்பிப் போட்டான்.' 'ஏழு மணி, மகள் பேர் மறந்து போச்சு.' எனக்குச் சொறி, உனக்கு இது என்று ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொள்வதற்காகத்தான் எழுதினாள். வேறு நோக்கம் எதுவும் இருந்ததாக அவள் இன்றுவரை சொல்லவில்லை. ஒன்பது நாளில் பதினாலு சீட்டு சேர்ந்தது. யாரிடமும் காட்டவில்லை. அவனிடமும் கேட்கவில்லை.

பத்தாவது நாள் மகளின் தேர்வு விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து வேண்டியிருந்தது. அன்றுதான் கடைசி நாள். காலையில் அவன் சீக்கிரமே கிளம்பிவிட்டான். மதிய இடைவேளையில் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவள் அவன் வேலை செய்யும் இடத்துக்குப் போனாள். தகரத் தடுப்பைத் தாண்டி உள்ளே போனதும் மேலே பார்த்தாள்.

ஐந்தாவது மாடி உயரத்தில், இன்னும் தளம் போடாத இரும்பு உத்தரத்தின் மேல் வெல்டர் நின்றிருந்தான். இடுப்பில் பெல்ட் இருந்தது. அதன் கொக்கி எதிலும் மாட்டாமல் தொங்கியது. ஒரு கையால் தூணைக் கட்டிப்பிடித்திருந்தான். வேலை எதுவும் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். நேர் கீழே ஒரு பெண் கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருந்தாள்.

"அவன் விழட்டும்னுதான் முதல்ல தோணுச்சு" என்றாள் என்னிடம். "அப்புறம் அந்தச் சட்டிக்காரி மேல விழுவானேன்னு தோணுச்சு. அவ என்ன பாவம் பண்ணா?"

கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவான். மாத்திரையால் தலைசுற்றுகிறது என்று சொன்னால் என்ன மாத்திரை என்று கேட்பார்கள். நிழலில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியிடம் போனாள். முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுகிற குரலில் சொன்னாள்:

"அண்ணே, வெல்டரோட அக்கா செத்துப் போயிட்டாங்க. மேல வச்சு விஷயத்தைச் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாரு. ரெண்டு ஆள் போயி மெதுவாக் கூட்டிட்டு வாங்கண்ணே."

இரண்டு பேர் ஏறி, ஆளுக்கொரு கையைப் பிடித்து, சாரத்தின் ஏணி வழியாக அவனைப் படிப்படியாக இறக்கினார்கள். கீழே வந்ததும் மேஸ்திரி தோளில் கை வைத்து விஷயத்தைச் சொன்னார். வெல்டர் "அக்கா!" என்று அலறிக்கொண்டு மண்ணில் சரிந்தான். அவள் அவனைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் தடுப்புக்கு வெளியே கொண்டுவந்தாள். தெரு முனை திரும்பியதும் கையை உதறிவிட்டாள்.

"உங்கக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கா. நட ஆஸ்பத்திரிக்கு."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. புரிந்ததும் அவளைப் பிடித்துத் தள்ளினான். அவள் ஒரு கடைப் பலகையில் மோதி, திரும்பி வந்து சட்டைக் காலரைப் பிடித்தாள். நடுரோட்டில், பட்டப்பகலில், இருவரும் அடித்துக்கொண்டார்கள். அடி வாங்கியது பெரும்பாலும் அவன்தான். ஓங்கிய கை ஒவ்வொரு தடவையும் அரை அடி தள்ளியே போனது. கடைசியில் ஆட்டோ ஒன்றில் அவனைத் திணித்துக் கூட்டி வந்தாள்.

இரண்டரை மணி இருக்கும். நான் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பதினாலு அட்டைச் சீட்டும் என் மேசையில் வந்து விழுந்தன.

"இந்தா. அவனோட நிஜப் படிவம். வச்சு ஆராய்ச்சி பண்ணு."

"பழி வாங்குறா சார்" என்றான் வெல்டர். உதடு கிழிந்திருந்தது. "என்னைய வேலையை விட்டுத் தூக்கணும்னு பார்க்குறா. எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே எழுதியிருக்கீங்களே, ஏழு வாரமா."

டாக்டரம்மா சீட்டுகளை வரிசையாகப் படித்தார். தரையில் ஓடுகளின் இணைப்புக் கோட்டைக் காட்டி, ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதமாக அதன் மேலேயே நடக்கச் சொன்னார். மூன்று அடி வைத்தான். நாலாவது அடியில் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் சாய்ந்தான்.

பிறகுதான் பேசினான். உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த மாத்திரை வேண்டாம் என்று சேர்க்கும்போதே சொல்லியிருந்தோம். அவன் பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தான். படுக்கை மாத்திரை விழுந்தால், உடன் வேலை செய்கிறவர்கள் கண்ணில் படாமல் போட்டுக்கொள்ளலாம்; அதற்காக. தலைசுற்றுவதை மறைத்தது, ஏறத் தயங்கினால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பதற்காக. டாக்டரம்மா, "வீட்லயாவது சொல்லியிருக்கலாமே" என்றபோது அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"இவகிட்டயா? நான் தடுமாறுறதைப் பார்த்து இவ சந்தோஷப்படவா?"

"பட்டாச்சு" என்றாள் அவள். "ஒன்பது நாள் பட்டாச்சு."

அவர்கள் போனதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. "நீங்க எப்படிக் கேட்டீங்க அவரை? இப்ப என்னைக் கேளுங்க" என்றார். நான் கேட்டுக் காட்டினேன். ஒரே மூச்சில், 'ஒண்ணும் இல்லையே' என்ற வாலோடு. சொல்லும்போதே காது சுட்டது. "இதுக்கு ஆமான்னு சொல்லணும்னா ஒருத்தனுக்கு எவ்வளவு தைரியம் வேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த வாரமே படுக்கை மாத்திரைக்காரர்கள் அறுபது பேரையும் திரும்பக் கூப்பிட்டோம். கேள்வியை மாற்றினோம். காலையில் கண் விழித்ததும் முதல் பத்து அடி எப்படி நடந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேனாவைக் கீழே வைத்துக் காத்திருந்தேன். முன்பு தலைசுற்றல் உண்டு என்று சொன்னவர்கள் பதினோரு பேர். இப்போது முப்பத்து நாலு. பேருந்து ஓட்டுகிற ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு, முதல் மூன்று வாரமும் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தே வண்டி ஓட்டியதாகச் சொன்னார். அன்று நான் மதியம் சாப்பிடவில்லை. இன்னொரு மாத்திரைக்காரர்களையும் கேட்டோம். தடிப்பு பதினாலு பேரிலிருந்து பதினாறாக மட்டும் ஏறியது. தடிப்பு வெளியே தெரியும், யாரும் மறைக்க முடியாது. தலைக்குள் சுற்றுவதை மறைக்கலாம். நாங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது இரண்டு மாத்திரையை இல்லை. எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதைத்தான்.

வெல்டரை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டு மாத்திரையை மாற்றினார் டாக்டரம்மா. என்ன மாத்திரை என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. வீட்டு அலமாரியில் டப்பாவைப் பார்த்துவிட்டு அவளே வந்தாள்.

"என் மாத்திரையைத் தூக்கி அவனுக்குக் குடுத்துட்டீங்களா?"

"அவருக்கு அதுதான் சரிவரும்."

"ஒரு பொட்டுத் தடிப்பு இல்ல அவன் மேல! வெள்ளரிப் பிஞ்சு மாதிரி திரியிறான். இந்த உடம்பைப் படைச்சவன் என் கையில கிடைச்சான்…" வாக்கியத்தை முடிக்காமல் எடை இயந்திரத்தில் ஏறி நின்றாள். ஒரு கிலோ கூடியிருந்தது. அதற்கும் என்னைத்தான் முறைத்தாள்.

செத்துப்போன நாத்தனாருக்கு விஷயம் நாலு நாளில் எட்டியது. துக்கம் விசாரிக்க அவள் வீட்டுக்கே போன மேஸ்திரிக்கு அவளே கதவைத் திறந்தாளாம். அவர் அலறிய அலறல் தெரு முழுக்கக் கேட்டதாம். மறுநாள் காலை, சலவைக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள்.

"அடியே, என்னைச் சாகடிச்சியாமே!"

"ஒரு மணி நேரத்துக்குத்தான் அண்ணி. உங்க தம்பி உசுருக்கு அதுகூடவா குடுக்க மாட்டீங்க?"

இந்தப் பதில் போதும், நாத்தனார் தெருவில் இறங்கிவிட்டாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறக்கும் வரை காத்திருந்து, இந்த வீட்டுக்காரிக்கு என்ன வியாதி என்று பேரைச் சொல்லிக் கத்தினாள். எங்கேயோ போய் வாங்கி வந்து தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள் என்றாள். இனி இந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பவர்கள் பாடு அவ்வளவுதான் என்றாள்.

வெல்டர் பல் விளக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே வெளியே வந்தான். வாயில் நுரை.

"நான்தான் கொண்டுவந்தேன். பாலத்து வேலைக்குப் போன இடத்துல. இவ இல்ல. நீ வீட்டுக்குப் போ அக்கா."

தெரு முழுக்கக் கேட்டது. நாத்தனார் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். வெல்டர் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். ஏதோ எதிர்பார்த்திருப்பான் போல.

"இதைச் சொல்ல உனக்கு மூணு மாசம் ஆச்சா?" என்றாள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

ஆனால் நாத்தனார் சொன்னது அவளுக்கு முன்னால் சலவைக்கூடத்துக்குப் போயிருந்தது. பன்னிரண்டு வருடமாக அவளோடு விரிப்பு பிடித்த ஜோடிக்காரி அன்றைக்கே வேறு ரோலருக்கு மாற்றிக் கேட்டாள். மதியம் அவள் உட்கார்ந்த பலகையில் யாரும் உட்காரவில்லை. மாலையில் சூப்பர்வைசர் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துகொண்டால் எல்லாருக்கும் நல்லது என்றான்.

"எதுக்காகன்னு எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு, முத்திரை வச்சுக் குடு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

அவன் எழுதித் தரவில்லை. அவள் மறுநாளும் வந்தாள். அவளுக்கு ஜோடியாகப் புது ஆள் ஒருத்தியைப் போட்டார்கள். புதியவளுக்கு வேகம் வரவில்லை. விரிப்புகள் மடிப்பு மடிப்பாக விழுந்து விடுதிகளிலிருந்து மூட்டையோடு திரும்பி வந்தன. ஒன்பதாவது நாள் பழைய ஜோடிக்காரியே திரும்ப வந்து எதிர்முனையைப் பிடித்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, பேசவுமில்லை. இன்றுவரை இருவரும் ஒரு வார்த்தை பேசாமல்தான் விரிப்பு ஊட்டுகிறார்கள் என்று அவளே சொன்னாள். மடிப்பு விழுவதில்லையாம்.

மகளின் பரீட்சை முடிந்த மறுநாள் திரைச்சீலையைக் கழற்றினாள். வெல்டரின் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அந்த விரிப்பிலேயே மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். "இஸ்திரி எதுக்கு?" என்று நான் கேட்டேன். "கசங்கின துணியை வெளிய அனுப்பிப் பழக்கமில்லை" என்றாள். அவன் இப்போது ஊரின் மறுமுனையில், கதவும் ஜன்னல் கம்பியும் செய்கிற ஒரு பட்டறையில் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறான். எங்களிடம் மாதத்தின் முதல் செவ்வாய் வருகிறான். அவள் மூன்றாவது வியாழன். நாளை அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டவள் அவள்தான்.

ஆறு மாதத்தில் இருவர் ரத்தத்திலும் வைரஸ் பார்வைக்குச் சிக்காத அளவுக்கு இறங்கிவிட்டது. டாக்டரம்மா அவளிடம், புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் சொல்ல மாதம் ஒருநாள் வர முடியுமா என்று கேட்டார். "ஊருக்கு உபகாரம் பண்ண நான் வரலம்மா. என் மாத்திரையைக் குடுங்க, நான் போறேன்" என்றாள். ஆனால் காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அவள் விடுவதில்லை. போன வியாழன் ஓர் இளைஞன், கேட்டால் எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் போய்விடலாம் என்று இன்னொருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"உள்ள போயி அப்படிச் சொல்லு பார்க்கலாம்" என்றாள் அவள். "தம்பி, நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

அவன் என் எதிரில் வந்து உட்கார்ந்து, கேட்பதற்கு முன்பே, "ரொம்பச் சுத்துது சார்" என்றான்.

அதன் பிறகு அவள் முறை. தூக்கம் பரவாயில்லை, பசி இருக்கிறது, தடிப்பு இல்லை. மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். படிவத்தில் இல்லாத கேள்வி. மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போய்வருகிறாளாம். இவள் தடுப்பதில்லை. திரும்பி வந்தால் ஒன்றும் கேட்பதுமில்லை.

"போன வாரம் ஒரு சின்ன இரும்பு முக்காலி செஞ்சு குடுத்து அனுப்பியிருந்தான். சமையக்கட்டுல உக்கார."

"உக்கார்ந்து பார்த்தீங்களா?"

"ஆடுது" என்றாள். "ஒரு காலு குட்டை. அதை மட்டும் சரியாச் செய்யத் தெரியல பாரு, அஞ்சாவது மாடியில நின்னு பத்தவச்ச பெரிய மனுஷனுக்கு."

மாத்திரை டப்பாக்களைப் பையில் போட்டுக்கொண்டாள். ஒரு டப்பாவின் மூடி நசுங்கியிருந்தது என்று மருந்து கொடுப்பவரிடம் கால் மணி நேரம் சண்டை போட்டு, மாற்றி வாங்கிக்கொண்டு, மதிய வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அவரையே திட்டிக்கொண்டு போனாள்.